வலைக்கு ஈயம் வார்க்கும் வீடுகளுக்கு

இரும்புச்சத்து மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் ரத்தசோகை குறையாத பிள்ளை ஒன்று கரையோரக் கிராமத்திலிருந்து கிளினிக்குக்கு வந்தால், தாயிடம் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில ஆராவது ஈயம் உருக்கிறவையோ?" வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். பிறகு பதில் வரும்: "ஓம் டொக்டர், இவர் வலைக்கு வார்க்கிறவர். ஆனா வெளியிலதான்."

குருநகர், நாவாந்துறைப் பக்கம் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெளியில் என்றால் பெரும்பாலும் குசினிக்குப் பின்பக்கம், கிணற்றடிக்குப் பக்கத்தில். மூன்று கல்லு, விறகு, கைபிடி போன ஒரு பழைய தாச்சி. பிள்ளை மண் அளைந்து விளையாடுவதும் அங்கேதான்.

ஏன் வார்க்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. வலை விற்கிற விலையில், அது தண்ணீரில் அமிழக் கட்டுகிற ஈயம் கழன்று விழும்போதெல்லாம் கடைக்குப் போக முடியாது. பழைய ஈயக்குண்டுகளைச் சேர்த்து உருக்கி அச்சில் ஊற்றுவது தொழிலோடு வந்த பழக்கம். என் கவலை அந்தத் தாச்சிக்குள் இப்போது வேறு என்னென்ன போகிறது என்பதுதான். முச்சக்கரவண்டிப் பற்றறி, மோட்டார்சைக்கிள் பற்றறி, இன்வேட்டர் பற்றறி. கோடாலியால் பிளந்து, அசிட்டை மண்ணில் ஊற்றிவிட்டுத் தகட்டை எடுக்கிறார்கள்.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். விறகு அடுப்பு அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். ஏறத்தாழ 500 பாகைக்கு மேல் போனால் ஈயப்புகை கணிசமாகக் கிளம்பும். சூடு அதிகமென்றால் வேகமாக உருகும் என்று ஊதி ஊதித் தாச்சியைச் சிவக்கவைப்பது அதனால்தான் கெட்ட வேலை. ஆனால் பலரும் புகைக்கு மட்டுமே பயப்படுகிறார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டால் சரி என்று நினைக்கிறார்கள். துணி அந்தப் புகையைத் தடுக்காது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து உருகிய ஈயத்தின் மேல் ஆடைபோலப் படிகிற சாம்பல் நிறத் தூளில் இருக்கிறது. அதை அகப்பையால் வழித்துப் பக்கத்து மண்ணில் தட்டிவிடுவார்கள். காய்ந்தால் மாவு. காலில், சாரத்தில், கைநகத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

அந்த மண்ணில் விளையாடிய பிள்ளை அதே கையால் பிஸ்கட் சாப்பிடும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கு, ஐந்து மடங்கைச் சிறுபிள்ளையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூட. ரத்தசோகை வந்த பிள்ளைக்கு மண் தின்னும் பழக்கமும் வருவதுண்டு. மண்ணில் ஈயம் இருந்தால் அது ரத்தசோகையைக் கூட்டும். இந்தச் சுழலுக்குள் சிக்கிய பிள்ளைக்கு இரும்பு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்துப் பிரயோசனமில்லை.

பற்றறித் தகட்டில் இருப்பது வெறும் ஈயமும் அல்ல. அதில் பூசியிருக்கும் பசையும் ஈயச் சேர்மம்தான். அது உருகி ஓடாது, தூளாகிப் பறக்கும். செனகல் நாட்டில் டக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாரோய் சூர் மேர் என்ற இடத்தில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையான சில மாதங்களுக்குள் 18 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே நடந்ததும் இதே வேலைதான்: பழைய பற்றறியை உடைத்து ஈயம் எடுப்பது. அதுவும் கடலோர ஊர்.

அண்மையில் ஒரு தம்பி போனில் வீடியோ காட்டினார். அமெரிக்காவில் ஒரு முதியவர், பாட்டன் காலத்து வின்செஸ்டர் லீவர் துவக்குக்கு வீட்டிலேயே ஈயக்குண்டு வார்க்கிறார். "அவையளும் செய்யினம்தானே டொக்டர்?" செய்கிறார்கள்தான். ஆனால் குண்டு வார்ப்பதில் அனுபவப்பட்டவர்கள் அங்கே பற்றறி ஈயத்தைத் தொடாதே என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் கலந்திருக்கும் அந்திமனி, ஆர்சனிக் என்ற நச்சுப் பொருட்கள் உருக்கும்போது மேலே படிகிற கழிவில் சேர்ந்து, ஈரம் பட்டால் நச்சு வாயுவைக் கிளப்பக்கூடும். வெப்பமானி வைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள், வேலை நடக்கும் இடத்தில் சாப்பாடு வைப்பதில்லை, கழிவை மூடியுள்ள தகரத்தில் போடுகிறார்கள். வீடியோவில் நம்மவர் கவனிப்பது அச்சை மட்டும். (அனுமதியில்லாமல் துவக்குத் தோட்டா செய்யப் போனால் இங்கே அது பொலிஸ் விசயம். அதற்குள் நான் வரவில்லை.)

சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகு நம் சனம் தண்ணீரை மணந்து பார்க்கப் பழகிவிட்டது. தண்ணீரில் கலந்த ஈயத்துக்கு மணமில்லை, நிறமுமில்லை. கிணற்றடியில் பற்றறி உடைக்காதீர்கள் என்று சொல்வதைத் தவிர வேறு குறுக்குவழி தெரியவில்லை. இன்னொன்று: உருக்கிவிட்டு ஒரு தம்ளர் பால் குடித்தால் முறிந்துவிடும் என்று சொல்கிறார்கள். முறியாது. ரத்தத்தில் போன ஈயத்தில் பெரும்பங்கு எலும்பில் போய்க் குந்திவிடும், பல வருடம் இருக்கும். பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து கல்சியம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் போகும். அதனால், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் உருக்கவே வேண்டாம்.

வார்க்கத்தான் வேண்டுமென்றால் பழைய வலை ஈயத்தை மட்டும் உருக்குங்கள். வீடு, கிணறு, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தள்ளி, காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி நின்று செய்யுங்கள். கடலிலிருந்து வந்த ஈர ஈயத்தை உருகிய ஈயத்தில் போடவே கூடாது. ஒரு துளித் தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், தாச்சியில் இருப்பது முகத்தில் தெறிக்கும். சாரமும் வெறுங்காலுமாக நிற்பவரை அது எங்கெங்கே சுடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வேலை முடியும்வரை வெற்றிலை, பீடி, தேத்தண்ணி எதுவும் வேண்டாம். குளித்து உடுப்பு மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். அந்தத் தாச்சி திரும்பக் குசினிக்குப் போகக் கூடாது. தூண்டில் ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குகிறவர்கள் தயவுசெய்து ஒரு குறடு வாங்குங்கள்.

அடிக்கடி வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி, மலச்சிக்கல், களைப்பு, கைப்பலம் குறைவது. இதையெல்லாம் காஸ்ட்ரிக் என்று குளிசை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. வைத்தியரிடம் போனால் ஈயம் உருக்குகிற விசயத்தை நீங்களாகவே சொல்லுங்கள். வழமையான ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு வராது, தனியாகக் கேட்டு எடுக்கவேண்டும். ஒரு டெசிலீற்றர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமில்லை என்றும் சொல்கிறது. பிள்ளைக்கு 45ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து வேண்டிவரும். ஆனால் முற்றத்து மண் மாறாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அளவு மறுபடி ஏறும்.

பிள்ளை ஈயக்குண்டை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், வாழைப்பழம் கொடுத்துக் காலையில் போகுமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சத்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். இரைப்பை அமிலம் ஈயத்தைக் கரைக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், எக்ஸ்ரேயில் குண்டு தெளிவாகத் தெரியும். அதே மாதிரிக் குண்டு இன்னொன்று வீட்டில் இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள்.