பொலிப்பன்றி கொண்டுவரும் சேதி

மீஞ்சூர் பக்கம் வெண்பன்றி வளர்க்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். தினமும் காலையில் பொலிக்கு வைத்திருக்கும் ஆண் பன்றியை ஓட்டிவந்து, இளம் பெண் பன்றிகள் இருக்கும் கொட்டிலில் விடுவார். ஆணின் வாசனை பட்டால் அவை சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பதற்காக. அது தாடையை மென்றுகொண்டே வாயோரம் வெள்ளையாக நுரை தள்ளும். பெண் பன்றிகள் முண்டியடித்து வந்து அந்த நுரையில் மூக்கை வைக்கும். கால் மணி நேரம்தான், திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

"அங்கேயே விட்டா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"கூடவே வச்சிருந்தா பழகிப்போயிடும் தம்பி. அப்புறம் மதிக்காது."

அனுபவத்தில் அவர் கண்டுகொண்டது அறிவியலும் சொல்வதுதான். ஆண் பன்றியின் விரையில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் உருவாகிறது. ரத்தத்தோடு போய்த் தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பியில் சேர்கிறது. மெல்லும்போது நுரையோடு வெளியே வருகிறது. அந்த வாசனை பெண் பன்றியின் மூக்கில் ஏறியதும் மூளையின் அடிப்பகுதி விழித்துக்கொள்கிறது. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அதிலிருந்து சினைப்பைக்கும் ஹார்மோன் வழியாகத் தகவல் போகிறது. உரசலும் உறுமலும்கூட இதற்கு உதவும். 10 மாதம் ஆகாத ஆண் பன்றியிடம் இந்த வாசனை போதாது. ஆகவே வயதான பொலிதான் இதற்குச் சரி.

பெண் பன்றிக்கு ஏறக்குறைய 160 நாள் ஆனதும் இதைத் தொடங்குவார்கள். சில வாரங்களில் பல பன்றிகள் பருவத்துக்கு வந்துவிடும். பிறப்புறுப்பு சிவந்து வீங்கும். பொலி எதிரே நிற்க, முதுகில் கையை அழுத்தினால் காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். 21 நாளுக்கு ஒருமுறை இது திரும்ப வரும்.

முதல் பருவத்திலேயே சேர்க்கக் கூடாது. அப்போது வெளிவரும் கருமுட்டைகள் குறைவு, உடம்பும் இன்னும் வளர வேண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது பருவம் நல்லது. நம் ஊரில் 8 மாத வயதும் 100 கிலோவுக்குக் குறையாத எடையும் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பெரும் பண்ணைகளில் 130 கிலோ தாண்டட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது தீவன விஷயம். கறிக்குப் போகும் பன்றியோடு சேர்த்தே குட்டி போட வைத்திருக்கும் பெண் பன்றியையும் கொழுக்க வைக்கிறார்கள். வடசென்னை மெஸ்களில் மிஞ்சும் சோற்றிலும் எண்ணெயிலும் கொழுப்பு ஏறும், எலும்பு தேறாது. கனம் தாங்காமல் கால் நொண்டினால் ஓரிரு ஈற்றோடு கழித்துவிட வேண்டியதுதான். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் சேர்ந்த தாது உப்புக் கலவை கட்டாயம் வேண்டும். மிச்சச் சோற்றை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் தர வேண்டும். இல்லையென்றால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கொட்டிலுக்குள் வந்துவிடலாம். இனச்சேர்க்கைக்கு இரண்டு வாரம் முன்பு தீவனத்தைக் கூட்டினால் கருமுட்டைகள் அதிகம் வெளிவரும். சேர்த்தபிறகு உடனே குறைத்துவிட வேண்டும்.

காம்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 14 இருந்தால் நல்லது. உள்ளே மடங்கிய காம்பில் குட்டிக்குப் பால் கிடைக்காது.

கத்திரி வெயிலில் எல்லாமே தள்ளிப்போகும். பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது. மதியத்தில் அண்ணன் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்.

போன வாரம் போனபோது ஒரு பன்றி முதல்முறையாக அசையாமல் நின்றது. அண்ணன் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் தேதி எழுதினார். பக்கத்திலேயே 21 நாள் கழித்து வரும் தேதியையும் எழுதினார்.