அடுத்து எந்தக் கதையை வாசிக்கலாம்? நூலக மேசையிலிருந்து சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் எதிலும் இரவல் வழங்கும் பகுதியில் பணியாற்றுபவர்களுக்கு மிகவும் பழக்கமான கேள்வி, "போன கிழமை கொண்டுபோனது மாதிரி இன்னொண்டு இருக்கோ?" என்பதாகும். கேட்பவருக்குப் பெரும்பாலும் நூலின் பெயரும் நினைவிராது, ஆசிரியரின் பெயரும் நினைவிராது. வாசித்தபோது கிடைத்த இன்பம் மட்டும் நினைவிருக்கும். அந்த இன்பத்தை இன்னொரு நூலில் தேடிக் கொடுப்பதை நான் நூலகரின் முதன்மையான கடமைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்கிறது. இவை உசாத்துணை நூல்களுக்குப் பொருந்துவதுபோலவே துப்பறியும் கதைக்கும் பேய்க்கதைக்கும் நகைச்சுவை நாவலுக்கும் பொருந்தும்.

நூல் அடுக்கு இந்தத் தேடலுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதைகள் அனைத்தும் 894.8113 என்ற ஒரே எண்ணின் கீழ் வந்து, ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் நிற்கின்றன. ஈழத்து எழுத்தாளர் செங்கை ஆழியானையே எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவின் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்ய வருகின்ற கடற்றொழிலாளரின் கதையான ‘வாடைக்காற்று’ அவருடையது; வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ நாவலும் அவருடையதே. இரண்டும் ஒரே தட்டில் அருகருகே இருக்கும். முன்னதன் கடலையும் காதலையும் இழப்பையும் விரும்பி மேலும் கேட்டு வந்தவரிடம், ஆசிரியர் பெயரை மட்டும் நம்பிப் பின்னதைக் கொடுத்தால், அவர் தேடி வந்தது அவருக்குக் கிடைக்காது. அந்த நூலும் தனக்குரிய வாசகரை அடைந்திராது.

ஆகவே நூலைத் தேடுவதற்கு முன்பு வாசகரிடம் சற்று உரையாட வேண்டும். "உங்களுக்கு எந்த வகைக் கதை விருப்பம்?" என்று கேட்பதால் அதிகம் தெரியவராது, பலர் "நல்ல கதை" என்றே பதில் சொல்வார்கள். கடைசியாக விரும்பி வாசித்த கதை ஒன்றைச் சொல்லுமாறு கேட்டால், அவர் சொல்லும் விதத்திலேயே விடை வந்துவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நூலகராக இருந்த நான்சி பேர்ல், கதை, மாந்தர், களம், மொழி என நான்கு வாசல்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு வாசகரும் இவற்றுள் ஏதோ ஒன்றின் வழியாகவே புனைகதைக்குள் நுழைகிறார் என்று விளக்கினார். எனது பணியில் இதைப் போலப் பயன்பட்ட கருத்து வேறொன்றும் இல்லை. துப்பறியும் நாவல்களை மட்டுமே கொண்டுசெல்லும் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர் ஒருவரோடு கதைத்தபோது, அவரை ஈர்ப்பது கொலையோ குற்றமோ அன்று, சிக்குண்ட நூலிழையை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பது போன்ற ஒழுங்கே என்பது தெரிந்தது. அரண்மனைச் சூழ்ச்சியை மையமாகக் கொண்ட வரலாற்று நாவல் ஒன்றைப் பரிந்துரைத்தேன். தவணை முடியுமுன்பே அதன் இரண்டாம் பாகத்தைக் கேட்டு வந்தார். வகை மாறியது, வாசல் மாறவில்லை. அறிவியல் புனைகதை தமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களிலும் பலர் மாந்தரின் வாசலால் நுழைபவர்கள். விண்கலத்தை விவரிக்கும் கதையை விடுத்து, அதற்குள் தனித்திருக்கும் மனிதரைப் பற்றிய கதையைக் கொடுத்தால் அவர்களும் விரும்பி வாசிப்பார்கள்.

இங்கே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தரம் ஐந்துப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம் வரை பரீட்சையே வீட்டின் நாட்காட்டியாகிவிட்ட நமது சூழலில், கதைப்புத்தகம் நேரத்தை வீணாக்குவது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கதையை அனுமதிக்கும் வீடுகளிலும் பலவற்றில் அது அறிவுரை கூறுவதாகவோ, பெரியோர் தரமானது என்று முடிவுசெய்ததாகவோ இருக்க வேண்டியுள்ளது. ஆனால் ஈழத்துத் தமிழ் நாவல் பிறந்ததே சுவாரசியமான கதைகளில்தான். சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ ஒரு சாகசக் கதை. தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட வரலாற்றுக் காதற்கதை. வாசகரைக் கவர்ந்து இழுப்பதை அவர்கள் தாழ்வாகக் கருதவில்லை. சித்திரக்கதையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பறித்து வேறொன்றைத் திணிக்கும் ஒவ்வொரு முறையும், வாசிப்பு என்பது தனக்குரியதன்று என்ற பாடத்தையே அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

இந்த மண்ணில் கதை பரிந்துரைப்பவர் மறக்கக்கூடாத இன்னொரு விடயம் உண்டு. போரைப் பற்றிய நாவல்களும் சிறுகதைகளும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றுட் பல மிகச் சிறந்தவை. அவற்றைத் தேடி வாசிப்பவர்கள் இருப்பதுபோலவே, "பிள்ளை, சண்டை வராத கதையா ஒண்டு எடுத்துத் தாங்கோ" என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. ஷெல் வீச்சு, இடப்பெயர்வு, காணாமற்போன பிள்ளை, முகாம் ஆகியவற்றுள் எது ஒரு நூலில் வருகிறது என்பதை நூலகர் முன்பே அறிந்திருந்து, கதையின் திருப்பங்களை வெளியிடாமல் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. குடும்பக் கதை என்று அட்டையில் உள்ளதை நம்பிக் கொண்டுபோனவருக்கு, நடுப்பகுதியில் ஒரு பதுங்குகுழிக் காட்சி எதிர்பாராமல் வந்தால், அதன்பின் அவர் நூலகத்துக்கே வராமல் விடக்கூடும். யார் எதைக் கொண்டுசெல்கிறார் என்பதை இன்னொருவரிடம் சொல்லாதிருப்பதும் இதே அக்கறையில் அடங்கும், ஊர் சிறியது.

கதையை அறிமுகம் செய்யும்போது சுருக்கம் சொல்லத் தேவையில்லை. விரைவாக நகருமா ஆறுதலாக நகருமா, பேச்சுவழக்கு எவ்வூருக்குரியது, எத்தனை பக்கம், முடிவு மனதைக் கனக்கச் செய்யுமா என்பவற்றைச் சொன்னாலே போதும். நான் வழமையாக மூன்று நூல்களை மேசையில் வைப்பேன்: அவர் விரும்பியதற்கு மிக நெருங்கிய ஒன்று, அடுத்த வகையைச் சேர்ந்த ஒன்று, முற்றிலும் வேறான ஒன்று. மூன்றாவதைப் பலர் திருப்பித் தந்துவிடுவார்கள், அதில் தவறில்லை. பிடிக்காத நூலை இடையில் நிறுத்துவதும் வாசகரின் உரிமையே. ஐம்பது வயது வரையுள்ளவர்கள் 50 பக்கம் வாசித்துப் பார்க்கலாம், அதற்கு மேற்பட்டவர்கள் 100இலிருந்து தமது வயதைக் கழித்துவரும் அளவு பக்கங்களை வாசித்தால் போதும் என்பதும் நான்சி பேர்ல் சொன்னதே. எழுபது வயதான ஒருவர் 30 பக்கத்தோடு ஒரு நாவலை மூடிவைக்கலாம் என்று அறியும்போது, புதிய வகையொன்றைத் தொட்டுப்பார்க்கும் துணிவு வருகிறது.

பழைய ஈழத்து நாவல்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடும், 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது கைவிடப்பட்ட வீட்டு அலுமாரிகளோடும் பல பிரதிகள் அழிந்துபோயின. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணையவழி எண்ணிம நூலகத்தில் அவற்றுட் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். எழுபதுகளில் வெளிவந்த நாவல்களைக் கேட்டு வருபவர்களை முதலில் நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

ஒவ்வோர் ஒக்ரோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது, நமது பாடசாலைகளும் நூலகங்களும் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகின்றன. அவற்றோடு ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரும் தாம் விரும்பி வாசித்த ஒரே ஒரு கதையை, புள்ளி எதுவுமின்றி, சக மாணவருக்கு இரண்டு நிமிடம் அறிமுகம் செய்யுமாறு கேட்கலாம். சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகளில் இதனைப் பெரியவர்களுக்கும் நடத்தலாம். செலவு ஏதும் இல்லை. அறிமுகமான நூல்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, யாருக்கு எது ஏன் பிடித்தது என்ற ஒரு வரியையும் சேர்த்து இரவல் மேசையில் வைத்தால், நூலகர் இல்லாத வேளையிலும் அடுத்து வருபவர் அதைப் புரட்டித் தமக்கான கதையைத் தேடிக்கொள்வார்.