ரயில் விடிகாலை 5 மணிக்கு, அறை மதியம் 12 மணிக்கு

தாம்பரத்தில் 18 வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் என் எதிரே வந்து உட்காருபவர்களில் பாதிப் பேர் இளம் தம்பதிகள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கார் இல்லை, வாங்கும் அவசரமும் இல்லை. "வெள்ளி ராத்திரி ஏறி திங்கள் காலைல ஆபீஸ் போயிடணும் சார், மதுரை மாதிரி ஒரு ஊர் சொல்லுங்க" என்பார்கள். நான் மதுரையையே சொல்வேன். ஸ்டேஷனில் இறங்கி நடந்தே கோயிலுக்குப் போய்விடக்கூடிய பெரிய ஊர் தமிழ்நாட்டில் அதைப்போல் வேறு எது இருக்கிறது?

போன வருடம் ஒரு ஜோடிக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸில் போக, வர டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அறையை அவர்களே ஒரு ஆப்பில் எடுத்துக்கொண்டார்கள். எங்கே எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அது என் தப்பு. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பையனிடமிருந்து போன். "அண்ணே, குளிக்க ஒரு இடம் கிடைச்சா போதும்ணே." அறை வைகைக்கு அந்தப் பக்கம். நல்ல ரேட்டிங், நல்ல படங்கள். ஆனால் சாவி பகல் 12 மணிக்குத்தான். முன்னாடியே வேண்டுமானால் அரை நாள் வாடகை கூடுதல். வரவேற்பறை சோபாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் தூங்கி வழிந்துகொண்டிருக்கிறாள். கடைசியில் கூடுதல் பணம் கொடுத்து அறைக்குள் போய், குளித்து, அசந்து தூங்கி, ஆட்டோ பிடித்துக் கோயில் வாசலுக்கு வரும்போது மணி 12.20. 12.30க்கு நடை சாத்திவிட்டார்கள். மறுபடி திறப்பது 4 மணிக்கு. அவர்களுடைய சனிக்கிழமை அங்கேயே பாதி போய்விட்டது.

டிக்கெட் கிடைத்துவிட்டால் பயணம் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறோம். கார் வைத்திருப்பவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவருக்குக் கார் என்பது ஊர் போகும் வண்டி மட்டும் இல்லை. பையை டிக்கியில் போட்டுவிடுகிறார், ஏசி போட்டு அரை மணி நேரம் சாய்ந்துகொள்கிறார், செருப்பைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறார், மழை வந்தால் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். கார் இல்லாதவருக்கு இத்தனையையும் செய்துகொடுக்க வேண்டியது அறை. அந்த அறை ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் டிக்கி இல்லாத காருக்கு வாடகை கொடுக்கிற மாதிரிதான்.

அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் ஒரு தாளை எடுத்து, தலைக்கு மேல் கூரை இல்லாத மணி நேரங்களை எழுதச் சொல்கிறேன். மதுரைக்கு அந்தக் கணக்கு இப்படி வரும்: சனி விடியற்காலை இறங்கியதிலிருந்து சாவி கையில் வரும்வரை ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஞாயிறு அறையைக் காலி செய்ததிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் ரயில் கிளம்பும்வரை இன்னொரு ஒன்பது மணி நேரம். இரண்டு நாள் பயணத்தில் பதினாறு மணி நேரம் பையோடு தெருவில். இதைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

சரிசெய்ய ஒரு பழைய வழி இருக்கிறது. மதுரை ஸ்டேஷனுக்கு எதிரே டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் உள்ள லாட்ஜுகளில் பல இன்னும் 24 மணி நேரக் கணக்கில் அறை கொடுக்கின்றன. காலை ஆறுக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை ஆறு வரை உங்களுடையது. ஆப்பில் அது தெரியாது. அங்கே எல்லாருக்கும் பொதுவாக 12 மணி என்றே போட்டிருக்கும். போன் செய்து "உங்களுடையது 24 மணி நேர செக்-அவுட்டா, 12 மணி செக்-அவுட்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பகல் 12 மணிக்குத்தான் சாவி கொடுக்கும் ஹோட்டலே பிடித்திருந்தால், சனிக்கிழமை காலைக்கு மட்டும் ரயில்வே ஓய்வறை காலியாக இருக்கிறதா என்று ஐஆர்சிடிசி தளத்தில் பார்க்கலாம். உறுதியான டிக்கெட்டோ, முழுப் படுக்கை இல்லாமல் உட்கார இடம் மட்டும் தரும் ஆர்ஏசியோ இருந்தால் டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு, ஸ்டேஷனில் பையை ஒப்படைத்து வைக்கும் க்ளோக் ரூம். அங்கே பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் கேட்பார்கள். முப்பது ரூபாய்ப் பூட்டு ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். முதுகில் மாட்டும் பைகளில் ஜிப் இரண்டும் சேர்ந்து பூட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுவது நல்லது. ஸ்டேஷனில் நின்றுகொண்டு கைக்குட்டையால் ஜிப்பைக் கட்ட முயன்றவர்களை எனக்குத் தெரியும்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60. அறுபது என்பது எட்டு வாரமும் நான்கு நாளும். ஆகவே வெள்ளிக்கிழமை ரயிலுக்கு எப்போதுமே ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்குத்தான் பதிவு திறக்கும். ஞாயிறு ரயிலுக்கு அதற்கு அடுத்த புதன்கிழமை. காலண்டரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், திங்களும் புதனும் என்று நினைவில் வைத்தால் போதும். பெரும்பாலானவர்கள் போகும் டிக்கெட்டைப் பாய்ந்து போட்டுவிட்டு, ஞாயிறு டிக்கெட்டை மறந்துவிட்டு வெயிட்டிங் லிஸ்ட்டோடு என்னிடம் வருகிறார்கள். ஞாயிறு இரவு தெற்கிலிருந்து சென்னைக்கு எல்லாரும் திரும்புகிறார்கள். அதனால் ஞாயிறு டிக்கெட் கிடைக்குமா என்று பார்த்த பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள்.

கடைசி நேரப் பதிவான தட்காலை நம்பி ஏஜென்டிடம் வருகிறவர்களுக்கு என் தொழிலுக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன். ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும் மற்றதற்கு 11 மணிக்கும் தட்கால் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து முதல் அரை மணி நேரம் எங்களைப் போன்ற ஏஜென்டுகளுக்குக் கதவு மூடியிருக்கும். வார இறுதி ரயிலில் அரை மணி கழித்து என்ன மிஞ்சும்? ஆதாரை இணைத்த உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே போடுவதுதான் வழி. "எங்க ஆள் மூலமா உறுதியா எடுத்துத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் இருவர் பெயரும் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டால், சார்ட், அதாவது கடைசிப் பயணிகள் பட்டியல், போட்டதும் அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். ஆர்ஏசி அப்படியில்லை, ஏறலாம். பக்கவாட்டுக் கீழ் இருக்கை ஒன்றில் இருவர். முன்பின் தெரியாதவரோடு அப்படி உட்கார்ந்து போவது தண்டனை. ஜோடியாகப் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு ஆர்ஏசியும் ஒரே இருக்கையில் விழும். ஜன்னலோரம் விழுப்புரம் வரை பேசிக்கொண்டே போனோம், தேனிலவுக்குக்கூட அப்படிப் பேசவில்லை என்று ஒருவர் வந்து சொன்னார்.

நள்ளிரவு தேதிக் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை. இரவு 12.20க்குக் கிளம்பும் வண்டியில் "வெள்ளி இரவு" போக வேண்டும் என்றால் டிக்கெட் சனிக்கிழமைத் தேதியில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைத் தேதியில் போட்டுவிட்டு, 24 மணி நேரம் முன்னால் போய்விட்ட ரயிலுக்காக பிளாட்பாரத்தில் நிற்பவர்களை வருடத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். ஏறும் நிலையமும் அப்படித்தான். எழும்பூரில் நடக்கும் மறுசீரமைப்பு வேலையால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து புறப்படும் காலம் இது, டிக்கெட்டிலும் குறுஞ்செய்தியிலும் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் என்று போட்டு எடுத்துவிட்டுத் தாம்பரத்தில் ஏறப்போவதாக இருந்தால் ஏறும் நிலையத்தை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பரிசோதகர் வரும்போது படுக்கை காலியாக இருந்தால் வேறொருவருக்குப் போய்விடலாம்.

பஸ் என்றால், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்த பிறகு தென் மாவட்டப் பயணம் அங்கிருந்துதான். இன்னும் கோயம்பேட்டில் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் இறங்கும் இடத்தையும் பாருங்கள். நாகர்கோவில், திருநெல்வேலி போகும் பஸ்களில் சில ஊருக்குள் வராமல் ரிங் ரோட்டிலேயே இறக்கிவிடும். அதிகாலை மூன்று மணிக்கு அங்கே ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட். பைக் டாக்ஸியில் ஒருவர்தான் உட்கார முடியும் என்பதையும் புது ஜோடிகள் ஆப்பைத் திறந்த பிறகே உணர்கிறார்கள். ஊருக்குள் டவுன் பஸ் நல்ல வழி. திருப்பரங்குன்றம் எட்டு கிலோமீட்டர்தான், பெரியார் நிலையத்தில் ஏறினால் போதும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, கணவருக்கு மட்டும் காசு கொடுத்தால் முடிந்தது.

மதுரையில் ஜோடிகள் தொலைந்துபோகும் ஒரு இடம் உண்டு, சிரிக்காதீர்கள், மீனாட்சியம்மன் கோயில்தான். 2018 முதல் உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும், செருப்பும் அதே வாசலில். தெற்குக் கோபுரம் வழியாக உள்ளே போகிறீர்கள். அவர் சிற்பம் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இவர் வரிசையில் நகர்ந்துவிடுகிறார். உள்ளே கூப்பிட போன் இல்லை. ஒருவர் கிழக்கு வாசலில் வெளியே வருகிறார், ஒருவர் மேற்கில். இரண்டு போனும் தெற்கு வாசலில். பதினொன்றரை மணி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு அரைச் சுற்று நடந்து பாருங்கள், அன்று மாலை வரை இருவரும் பேசிக்கொள்ள மாட்டீர்கள். உள்ளே போகும்போதே "பிரிந்துவிட்டால் பொற்றாமரைக் குளப் படிக்கட்டில்" என்று பேசிவைத்துக்கொண்டு போங்கள். காலை ஏழுக்கெல்லாம் உள்ளே போய்விட்டால் இந்தக் கஷ்டமே இல்லை, கல்லும் குளிர்ச்சியாக இருக்கும். பகலில் நடை சாத்தும் நேரத்தை அறையில் தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் மகாலுக்கு மூன்றரைக்குக் கிளம்பினால் சாய்வெயிலில் தூண்களைப் பார்க்கலாம். திரும்பி வரும் வழியில் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. இரவுச் சாப்பாட்டைப் பற்றி மதுரைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அறை பற்றி இரண்டு எச்சரிக்கை. ஹோட்டல் பெயரைக் கூகுளில் போட்டதும் முதலில் வருகிற போன் எண் ஹோட்டலுடையது என்று நம்பாதீர்கள். போலித் தளங்கள் அச்சு அசலாக இருக்கின்றன. முன்பணம் வாங்கிவிட்டு, "ரீஃபண்ட் அனுப்புறோம், பின் நம்பரைப் போடுங்க" என்றால் அது திருட்டு. யுபிஐயில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. மாட்டிக்கொண்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நேரம் போகப்போகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

அடுத்தது அடையாள அட்டை. இருவருடையதும் வேண்டும். ஆதாரில் முகவரி வேறு வேறாக இருப்பதால் கல்யாணமானவர்களையே குறுக்கு விசாரணை செய்கிற லாட்ஜுகள் இருக்கின்றன. கல்யாணமாகாத இரண்டு பேர் ஒரே அறையில் தங்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 2019 டிசம்பரில், கோவையில் ஒரு விடுதிக்கு சீல் வைத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் இரவு பதினோரு மணிக்கு வரவேற்பு மேசையில் தீர்ப்பைக் காட்டி வாதாடிக்கொண்டிருக்க யாரால் முடியும்? பதிவு செய்யும்போதே போனில் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கொடுப்பதாக இருந்தால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட பிரதியை ஆதார் தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

அந்த ஜோடி இந்தத் தையில் மறுபடி போனார்கள். அறை டவுன் ஹால் ரோட்டில், நாலாவது மாடி, லிஃப்ட் பாதி நேரம் வேலை செய்யவில்லையாம். காலை ஆறே முக்காலுக்குக் கோயிலுக்குள் இருந்தார்களாம். திரும்பி வரும்போதுதான் ஒரு சின்னத் தவறு, தாம்பரத்தில் இறங்க வேண்டியவர்கள் அசந்து தூங்கி எழும்பூரில் போய் எழுந்திருக்கிறார்கள். பாண்டியனில் வருகிறவர்கள் அலாரத்தைத் தாம்பரத்துக்கு வைக்காதீர்கள், செங்கல்பட்டுக்கு வையுங்கள். போர்வையை மடித்து, செருப்பைத் தேடி, மேல் படுக்கையில் இருப்பவரை எழுப்ப அந்த நேரம் சரியாக இருக்கும்.