கடைக்குப் போகும்போது ஒரு போல்ற்றையும் கொண்டு போங்கள்

மாசி மாதம், நெல் வெட்டுக் காலம். கிளிநொச்சியில் தருமபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் விடியக்காலமையே கராச் வாசலில் நின்றார். பின்னால், கயிறு கட்டி இழுத்து வந்த மாஸி பெர்குசன் 135 ட்ரக்டர்.

"அண்ணை, வோட்டர் பம்பைக் கழட்டப் பாத்தன். போல்ற் சுத்துது, ஆனா வெளியில வருகுதில்லை."

எட்டிப் பார்த்தேன். போல்ற் சுற்றவே இல்லை, ஸ்பனர்தான் சுற்றியிருக்கிறது. ஆறு மூலையாக இருந்த தலை புளியங்கொட்டை மாதிரி மழுங்கிக் கிடந்தது. தம்பியின் விரல் முட்டியிலும் தோல் போயிருந்தது. ஸ்பனர் வழுக்கினால் கை நேரே ரேடியேற்றரில்தான் போய் இடிக்கும்.

"என்னத்தால கழட்டினீர்?" என்று கேட்டேன். ஆசனத்துக்குக் கீழே இருந்து பெட்டியை எடுத்துக் காட்டினார். 94 சாமான், புத்தம் புதுசு. மூடியில் பொன் எழுத்தில் 'வாழ்நாள் உத்தரவாதம்'.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "எந்தக் கொம்பனிச் சாமான் நல்லது?" என்று கிழமைக்கு ஒருவராவது கேட்பார்கள். அதற்கு முதல் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் மெசினில் என்ன நட் இருக்கிறது என்பது. அந்த 135 மொடல் 1964இல் சந்தைக்கு வந்தது, பெரும்பாலும் அங்குலக் கணக்கு. 5/16 அங்குலப் போல்ற்றின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். தம்பி போட்டது 13. அதற்குள் தலை போகும். போவதுதான் பிரச்சினை, போகாவிட்டால் போட்டிருக்கமாட்டார். 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் ஸ்பனர் தலையின் தட்டைப் பக்கத்தைப் பிடிக்காது, மூலையைத்தான் பிடிக்கும். துருப்பிடித்த போல்ற்றில் ஓங்கி இழுத்தால் மூலை போய்விடும்.

எல்லா அளவும் இப்படி இல்லை. 3/4 அங்குலத்துக்கு 19 தாராளமாகப் போடலாம், வித்தியாசம் 0.05தான். 5/8க்கு 16உம் பிழையில்லை. 9/16தான் தலையிடி. அது 14.29, ஆகவே 14 ஏறாது, 15 ஆடும். யப்பான் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு ட்ரக்டர்) வைத்திருப்பவருக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அங்கே 10, 12, 14, 17 என்று போகும். இந்தியாவில் இருந்து வந்த புது ட்ரக்டர்களில் 13உம் நிறைய வரும். எதுவானாலும் ஒரு மெசினுக்கு அடிக்கடி தேவைப்படுவது எட்டு, பத்து அளவுதான். 94 சாமான் பெட்டியில் பாதிக்கு மேல் சின்னச் சின்னத் திருப்புமுனைகள், அதாவது திருப்புளியில் மாட்டும் முனைகள். அவை எண்ணிக்கையைக் கூட்டத்தான் வருகின்றன என்பது என் எண்ணம்.

அடுத்தது இரும்பு. எல்லா ஸ்பனரிலும் 'குரோம் வனேடியம்' என்று அடித்திருக்கும். அது உருக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதன் பெயர், அவ்வளவுதான். அதைச் சூடாக்கி, குளிரவைத்து, பதம் எடுத்ததில்தான் வித்தியாசம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் சாமான் வராத காலத்தில், லொறி வில்லுத்தகட்டை வெட்டிக் கொல்லுப்பட்டறையில் நெம்புகோலும் உளியும் அடிப்பித்தோம். ஒரே தகட்டில் அடித்த இரண்டு உளியில் ஒன்று வருடக்கணக்கில் உழைத்தது. மற்றது முதல் நாளே நுனி தெறித்தது. இரும்பு ஒன்று, பதம் வேறு. தம்பியின் 13 ஸ்பனரை, 13 தலையுள்ள நல்ல போல்ற் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். அதிலும் ஆடியது. வாய் ஏற்கனவே விரிந்துவிட்டது, அதன் பதம் அவ்வளவுதான்.

இதைக் கடையில் கண்டுபிடிக்க ஒரே வழி, புதுப் போல்ற் இரண்டு மூன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது. ஸ்பனரைப் போட்டு இடமும் வலமும் அசையுங்கள். நல்ல சாமானில் அசைவு மட்டுமட்டாகத்தான் இருக்கும். வாயின் இரண்டு கரையும் சமாந்தரமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் பெட்டியாக வாங்காமல் ஒன்றை மட்டும் வாங்கி, வீட்டில் வாயின் ஓரத்தில் அரத்தால் ஒருதரம் இழுங்கள். மேல் பூச்சு போனபிறகும் அரம் சிரமப்பட்டுத்தான் கடிக்கவேண்டும். வெண்ணெய் மாதிரிக் கடித்தால் மற்றதை வாங்கவேண்டாம். கடைக்காரர் முன்னால் அரத்தை எடுக்காதீர்கள், நான் ஒருமுறை எடுத்து வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

சரி, கொம்பனி. எங்கள் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை இங்கோ, ட்டோட்டல், டோல்சன் போன்ற சீனப் பெயர்கள். இவற்றை ஒரேயடியாகத் தள்ளுகிறவன் அல்ல நான். சுத்தியல், வாள் சட்டம், நெம்புகோல் எல்லாம் இந்த வகையில் வாங்கித்தான் வைத்திருக்கிறேன், குறை இல்லை. தப்பாரியா இந்தியச் சாமான். பார்வைக்கு முரடு, பிடிக்கும் இடத்தில் மினுக்கம் இல்லை. ஆனால் அதன் ரிங் ஸ்பனரும் குறடும் கொடுத்த காசுக்கு உழைக்கும். என் பட்டறையில் அதிகம் இருப்பது அதுதான். தாய்வானின் கிங் டோனி ஒரு படி மேலே, விலையும் அப்படியே. யப்பானின் கேடிசி, டோன் புதிதாக வாங்க எங்கள் கை எட்டாது. கொழும்பு போனால் பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய சாமானாகத் தேடிப் பார்ப்பேன். பழைய யப்பான் ரிங் ஸ்பனர் ஒன்று, புது மலிவுச் சாமான் மூன்றுக்குச் சமம் என்பது என் கணக்கு. ஸ்டான்லி 1843இல் தொடங்கிய அமெரிக்கப் பெயர், நல்ல பெயர்தான். பெயர் பெரிது என்பதால் போலியும் வரும். எழுத்தின் அச்சு மங்கலாக, பொதியில் எழுத்துப் பிழையோடு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி என் சொந்தக் கதையையே சொல்கிறேன். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதத்துக்குள் 360க்குப் போனதே, அதற்கு முன்பு வாங்கிய ராச்செற் (சொக்கெற்றை மாட்டித் திருகும் பல்லுப் பிடி) ஒன்று. கொம்பனிப் பெயரை விடுவோம். உள்ளே பல்லு உடைந்து வெறுமனே சுற்றத் தொடங்கியது. வாழ்நாள் உத்தரவாதம் இருக்கிறதே என்று கடைக்குக் கொண்டு போனேன். "கொழும்புக்கு அனுப்பவேணும் அண்ணை" என்றார்கள். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அனுப்புகிற செலவு என்னுடையது. மூன்று மாதம் கழித்து அதே உடைந்த ராச்செற் திரும்பி வந்தது, 'தவறான பாவனை' என்ற துண்டோடு.

கோபம் வந்தது. ஆனால் கைபிடியைத் திருப்பிப் பார்த்தபோது, பலம் கூட்ட நீளக் குழாய் செருகி இழுத்த கீறல் பளிச்சென்று தெரிந்தது. செருகியது நான்தான். கைக்கருவி உத்தரவாதம் பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். தேய்ந்தது, குழாய் போட்டு இழுத்தது, சாணை பிடித்தது, சுத்தியலால் அடித்தது எதற்கும் செல்லாது. வாள் அலகு, திருப்புமுனை மாதிரித் தேய்கிற சாமானுக்கும் பொதுவாக இல்லை. எங்கள் ஊரில் குழாய் போடாமல் ட்ரக்டர் சில்லு நட் கழற்றிய மனிதர் யார்?

அதனால் இப்போது நான் வாங்கும்போது அட்டையில் எத்தனை வருடம் என்று பார்ப்பதில்லை. உடைந்தால் கடைக்காரர் தன் கையால் மாற்றித் தருவாரா என்று கேட்பேன். பரந்தனிலோ கிளிநொச்சியிலோ "கொண்டு வாங்கோ, நான் மாத்தித் தாறன்" என்று சொல்லும் கடை இருந்தால், நூறு ரூபாய் கூடப் போனாலும் அங்கேதான் வாங்குவேன். சொன்னதைப் பற்றுச்சீட்டின் பின்னால் எழுதுவித்து வாங்குவேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே சொல்கிறது. கொடுக்க மறுத்தால் அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஒரு சின்னப் புத்தி: வெப்பத்தாளில் அச்சடித்த சீட்டு எங்கள் வெயிலில் சீக்கிரம் வெள்ளைத் தாளாகிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

காசு குறைவு என்றால், நட்டைப் பிடிக்கிற சாமானுக்குக் கொடுங்கள்: ரிங் ஸ்பனர், சொக்கெற் (நட்டை மூடிப் பிடிக்கும் குழல்), குறடு. சொக்கெற்றில் ஆறு மூலை கேளுங்கள், பன்னிரண்டு மூலை துரு நட்டில் வழுக்கும். ராச்செற்றில் 72 பல்லு இருந்தால் 5 பாகை அசைவே போதும், 24 பல்லுக்கு 15 பாகை வேண்டும். ட்ரக்டரின் இடுக்கில் கை விட்டவருக்கு அந்தப் பத்துப் பாகையின் அருமை தெரியும்.

கரண்ட் வேலைக்குக் குறடு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. கைபிடியில் சிவப்பு ரப்பர் இருந்தால் கரண்ட் பிடிக்காது என்று நினைக்கிறவர்கள் நிறைய. 1000 வோல்ற் அடையாளமும் இரட்டை முக்கோணமும் இல்லாவிட்டால் அது வெறும் பிடி உறைதான். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்.

தம்பியின் போல்ற்றை எடுக்க, மழுங்கிய தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருகவேண்டியிருந்தது. மத்தியானம் ஆகிவிட்டது, அன்றைய நெல் ஏற்றும் வாடகை போனது. போகும்போது அரை அங்குலம், 9/16, 3/4 என்று மூன்று ரிங் ஸ்பனரின் அளவை எழுதிக் கொடுத்தேன். வாங்கிவிட்டார், பழைய சாக்கில் சுற்றி ஆசனத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அந்த 94 சாமான் பெட்டியில் இப்போது அவருடைய தங்கச்சி தையல் நூல் போட்டு வைத்திருக்கிறாவாம். மூடி நன்றாகப் பூட்டுதாம்.