நொடிக்கு 3,080 நடுக்கம்: எண்பதுகளின் ஜப்பானியப் பாடல்கள் ஏன் அப்படி ஒலிக்கின்றன?

ஐம்பது வயதைக் கடந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “யூடியூப் தானாக எடுத்துப் போட்ட எண்பதுகளின் ஜப்பானியப் பாடல்களைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஜப்பானுக்குப் போனதும் இல்லை. ஆனாலும் எப்போதோ கேட்டுப் பழகியவை போல ஏக்கமாக இருக்கிறது. அறுபதுகளின் ஜப்பானியப் பாடல்களில் அப்படித் தோன்றவில்லை. இது ஏன்? பூர்வஜென்மத் தொடர்பு என்கிறார் என் மைத்துனர்.”

மைத்துனர் மன்னிக்க வேண்டும். முற்பிறவியைக் காரணம் காட்டிவிட்டால், எண்பதுகளின் பாடல்களுக்கு நேர்வது அறுபதுகளின் பாடல்களுக்கு ஏன் நேரவில்லை என்ற அருமையான கேள்வி கேட்பாரற்றுப் போய்விடும். விடைக்கான துப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இன்று ஐம்பதுகளில் இருக்கும் ஜப்பானியர்களுக்கு இந்தப் பாடல்கள் பிடிப்பதில் புதிர் எதுவும் இல்லை. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவையே பிற்காலத்தில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பது உளவியலாளர்கள் பலமுறை சோதித்துப் பார்த்த செய்தி. அந்த வயதில் அவர்கள் வியாழக்கிழமை இரவுகளில் டிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘தி பெஸ்ட் டென்’ நிகழ்ச்சியின் முன் அமர்ந்திருந்தார்கள். 1978 முதல் 1989 வரை ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சி 1981-இல் 41.9 சதவீதப் பார்வையாளர் அளவைத் தொட்டது. 1980-இல் அறிமுகமான செய்கோ மட்சுதாவின் இசைத்தட்டுகள் தொடர்ச்சியாக 24 முறை விற்பனைப் பட்டியலின் உச்சியில் அமர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். ஷோவா பேரரசர் 1989 ஜனவரியில் மறைந்தபோது, அவரது ஆட்சிக்காலத்தைக் குறித்த ‘ஷோவா’ யுகமும் முடிந்தது. பாடல்களுக்கு மட்டும் ‘ஷோவா’ என்ற அடைமொழி நிலைத்துவிட்டது.

அவர்களுக்குப் பாடலோடு வாழ்க்கையும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. மொழியே தெரியாத நம் வாசகருக்கு எது நினைவுக்கு வருகிறது?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்ஸல் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். புகழ்பெற்ற பாடல்களிலிருந்து 0.4 விநாடி நீளமுள்ள துணுக்குகளை மட்டும் வெட்டி எடுத்து அவர் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். கால்வாசிக்கும் மேற்பட்ட துணுக்குகளில் அவர்கள் பாடகரின் பெயரையும் பாடலின் தலைப்பையும் சரியாகச் சொன்னார்கள். பாடலை அடையாளம் காண முடியாதபோதும், அது எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்பதை ஓரளவு ஊகித்தார்கள். 0.4 விநாடியில் மெட்டு விரிய நேரமில்லை, வரி ஒன்று முடியவும் நேரமில்லை. காதுக்குக் கிடைப்பது நாதம் மட்டுமே. அதாவது, சுரம் ஒன்றாகவே இருந்தாலும் வீணையையும் புல்லாங்குழலையும் வேறுபடுத்திக் காட்டும் அந்தக் குணம். எண்பதுகளின் நடுப்பகுதிக்கு அப்படி ஒரு நாதம் உண்டு. மெதுவான காதல் பாட்டின் தொடக்கத்தில், எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் மெல்லத் தட்டியது போன்ற ஒரு கிணுங்கலும், அதன் அடியிலிருந்து எழுந்து நெடுநேரம் நிற்கும் மென்மையான பியானோ ஒலியும் கேட்டால், நீங்கள் கேட்பது பெரும்பாலும் யமஹா நிறுவனம் 1983-இல் 2,48,000 யென் விலையில் வெளியிட்ட டிஎக்ஸ்7 என்ற கீபோர்டையே.

அந்த ஒலி பிறக்கும் விதத்தை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை. வயலின் கலைஞர் நீண்ட சுரம் ஒன்றை வாசிக்கும்போது விரலை ஆட்டிச் சுரத்தை நொடிக்கு ஆறேழு முறை மேலும் கீழுமாக நடுங்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த நடுக்கத்தின் வேகத்தை நொடிக்கு 10, 20, 50, 200 முறை என்று கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967-இல் கணினியைக் கொண்டு இதைத்தான் செய்து பார்த்தார். நொடிக்கு இருபது, முப்பது முறையைத் தாண்டியதும் காது அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர முடியாமல் கைவிட்டுவிடுகிறது. நடுக்கம் கேட்பது நின்றுபோய், அதற்குப் பதிலாகச் சுரத்தின் நாதமே மாறி ஒலிக்கிறது.

பள்ளி இயற்பியலில் வானொலிக்காகப் படித்த அதிர்வெண் பண்பேற்றமே இது. இங்கே இரண்டு அலைகளும் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கின்றன என்பது மட்டும் வேறுபாடு. ஊர்தி அலை, அதாவது ஆட்டப்படும் அடிப்படை அலை, 220 ஹெர்ட்ஸ், அதை ஆட்டிவைக்கும் அலையும் 220 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். ஊர்தி அலையின் இருபுறமும் 220 ஹெர்ட்ஸ் இடைவெளியில் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன. மேற்புறம் 440, 660, 880 என்று மேற்சுரங்கள் வரிசையாக வருகின்றன. கீழ்ப்புறம் கணக்கு சுழியத்தைத் தாண்டி எதிர்க்குறிக்குள் போய்விடும். ஆனால் எதிர்க்குறி அலையின் கட்டத்தைத் தலைகீழாக்குவதோடு, அதாவது மேட்டைப் பள்ளமாக்குவதோடு, நின்றுவிடுவதால், அந்த அதிர்வெண்களும் சுவரில் பட்ட பந்தாகத் திரும்பி வந்து மேற்புறத்து வரிசையோடு கலந்து, சிலவற்றைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் விடுகின்றன. இரண்டே இரண்டு எளிய அலைகளிலிருந்து ஒரு முழு இசைக்கருவியின் செழுமை கிடைத்துவிடுகிறது.

இப்போது ஆட்டிவைக்கும் அலையை மட்டும் 14 மடங்காக்கி, 3,080 ஹெர்ட்ஸில் வையுங்கள். 220-ஐக் கூட்டினால் 3,300, கழித்தால் 2,860. அடிப்படைச் சுரத்தின் பதினைந்தாவது, பதின்மூன்றாவது மடங்குகள் இவை. 220-க்கும் 2,860-க்கும் நடுவே எதுவுமில்லை. அந்த வெற்றிடம்தான் ஒலிக்கு அதன் தெளிவைத் தருகிறது: கீழே ஒரு சுரம், வெகு உயரத்தில் ஒரு கிணுங்கல். ஆட்டிவைக்கும் அலையின் வலிமை, கீபோர்டின் விசையை அழுத்திய சிறிது நேரத்திலேயே தணிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், கிணுங்கல் கரைந்துபோகக் கீழ்ச்சுரம் மட்டும் நிற்கிறது. எஃகுக் கம்பியைச் சுத்தியல் தட்டும் பழைய மின்பியானோவில் நடப்பதும் இதுவே. விசையை ஓங்கி அழுத்தினால் ஆட்டத்தின் ஆழம் கூடி, ஊர்தி அலையின் ஆற்றல் பக்கத்து அதிர்வெண்களுக்கு மேலும் பாய்கிறது. எனவே சத்தம் கூடுவதோடு நாதமும் பிரகாசமாகிறது. வாசிப்பவரின் விரலழுத்தம் நேராகச் சுரத்தின் நிறமாக மாறுகிறது. டிஎக்ஸ்7-இன் மின்பியானோ ஒலியில், ஊர்தி அலையும் அதை ஆட்டிவைக்கும் அலையும் சேர்ந்த இணைகள் மூன்று ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒன்றுக்கொன்று அவற்றின் அதிர்வெண் ஒரு துளி விலகியிருப்பதால், ஒலி மாறி மாறிக் கூடிக் குறையும் விம்மல்கள் உண்டாகி, நிற்கும் சுரம் மெல்ல அலைபாய்கிறது.

இதைக் கண்டுபிடித்த சௌனிங்குக்கு 1973-இல் பல்கலைக்கழகம் நிரந்தரப் பணியை மறுத்தது. அமெரிக்க ஆர்கன் தயாரிப்பாளர்களும் அவரது முறையைப் புரிந்துகொள்ளவில்லை. யமஹாவின் இளம் பொறியாளர் கசுகியோ இஷிமுரா மட்டும் கேட்டவுடன் பிடித்துக்கொண்டார். யமஹா உரிமம் பெற்று, விலை மலிவான சில்லுகளில் அந்தக் கணக்கை அடக்கும்வரை ஆண்டுக்கணக்கில் உழைத்தது. 1977-இல் வழங்கப்பட்ட காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்கு 2 கோடி டாலருக்கும் மேல் ஈட்டித் தந்தது. “இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்?” என்று விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் நம்முடைய நிதிக்குழுக்களில், “வயலின் நடுக்கத்தை வேகமாக்கிப் பார்க்கப் போகிறேன்” என்று ஒருவர் எழுதியிருந்தால் கோப்பு எந்த அலமாரிக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வாசகரின் கேள்விக்கு என் விடை டிஎக்ஸ்7-இன் ஒரு குறையில் இருக்கிறது. அதில் புதிய ஒலியை உருவாக்குவது பெரும் தலைவலி. மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் முந்தைய கீபோர்டுகளான சிந்தசைசர்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் இருந்தது. இதிலோ நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளை, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி மட்டுமே காட்டும் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். எனவே இசைக்கலைஞர்களில் பலர் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒலிகளையே அப்படியே வாசித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற கருவி அது. டோக்கியோவில் பதிவான அதே மின்பியானோ ஒலி லாஸ் ஏஞ்சலிஸ் பாடல்களிலும் வந்தது. யமஹா கீபோர்டுகள் நுழைந்த சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் வழியாக நம் வானொலிப் பெட்டிகளுக்கும் வந்தது. பன்னிரண்டு வயதில் நம் வாசகர் தமிழ்த் திரைப்பாடல்களில் கேட்ட நாதத்தை இப்போது ஜப்பானிய மொழியோடு சேர்த்துக் கேட்கிறார் என்பதே என் கணிப்பு. மெட்டு அந்நியமாக இருந்தாலும் கருவி பழைய நண்பன்.

இது சரியா என்று சோதிக்க அவரிடமே வழியிருக்கிறது. 2020 இறுதியில் ஸ்பாடிஃபை இசைச் செயலியின் உலக வைரல் பட்டியலில் முதலிடம் பிடித்த, மிக்கி மட்சுபாராவின் ‘மயோனகா நோ டோர்’ பாடல் 1979-இல் பதிவானது. அதில் டிஎக்ஸ்7 இருக்கவே முடியாது. அதையும், 1984-க்குப் பிறகு வந்த மெதுவான ஜப்பானியக் காதல் பாடல்கள் சிலவற்றையும் அவர் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும். ஏக்கம் பின்னவற்றில் மட்டும் தலைகாட்டினால் நாதமே காரணம் என்று கொள்ளலாம். இரண்டிலும் ஒரே அளவில் வந்தால் என் விளக்கத்தில் பாதி போதாது. அமெரிக்க சோல், ஜாஸ் இசையிலிருந்து ஜப்பானிய இசையமைப்பாளர்கள் எடுத்துக்கொண்ட சுர அடுக்குகளில் மீதியைத் தேட வேண்டியிருக்கும்.