நைத்திரைற்றா, நைத்திரேற்றா?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் திலாப்பியாக் குஞ்சுகளை விட்ட மூன்றாம் வாரம் ஏழெட்டு மீன்கள் செத்து மிதந்தன. ஒன்றின் பூமூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய பூ (தமிழகத்தார் செவுள் என்பார்கள்) பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது. தண்ணீரைச் சோதித்தவர் சொன்னது நைத்திரைற்று. நான் தாளில் குறித்துக்கொண்டதோ நைத்திரேற்று.

'ரை' இருக்குமிடத்தில் 'ரே' வந்ததால் ஓர் ஒட்சிசன் அணு கூடிவிட்டது. முன்னதில் நைதரசனோடு 2 ஒட்சிசன், பின்னதில் 3. ஒட்சிசன் குறைந்த உப்புக்கு ஒரு விகுதி, கூடியதற்கு வேறொன்று என்ற வழக்கு 1787இல் இரசாயனவியலாளர் லவாய்சியேயும் கூட்டாளிகளும் பிரான்சில் வகுத்தது.

வேர்ச்சொல் 'நித்ரொன்' என்னும் கிரேக்கம். முதலில் எகிப்திய ஏரிகளின் சவர்க்கார உப்பைக் குறித்த அது, பிற்காலத்தில் வெடியுப்பின் பெயராயிற்று. 1790இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஷப்தால் 'வெடியுப்பைப் பிறப்பிப்பது' என்ற பொருளில் நைதரசனுக்குப் பெயரிட்டார். ஆகவே தமிழில் நைதரசனுக்குச் சிலர் எழுதும் 'வெடியம்' எனக்குப் பிடித்த ஆக்கம். வெடியுப்பும் ஒரு நைத்திரேற்றுத்தான். நைத்திரைற்றுக்கு அப்படியொரு பழம்பெயர் இல்லை.

மீன் பூவின் வழியே அமோனியாவைக் கழிக்கிறது. ஒருவகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக்க, இன்னொருவகை நைத்திரேற்றாக்குகிறது. புதுத்தொட்டியில் இரண்டாம் வகை பிந்தித்தான் பெருகும்; இடையில் நைத்திரைற்று தேங்கிவிடும். உப்பிலுள்ள குளோரைட்டு நுழையும் வாசலாலேயே அதுவும் பூவுக்குள் புகுந்து, ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி இரத்தத்தைப் பழுப்பாக்குகிறது. நைத்திரேற்றை மீன் பன்மடங்கு தாங்கும். என் தாளை நம்பியிருந்தால் கைகட்டி உட்கார்ந்திருப்பேன்.

மருந்து சமையலறையிலேயே இருந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். உப்பின் குளோரைட்டு அந்த வாசலை அடைத்துக்கொள்ளும். உவர்நீரான மட்டக்களப்பு வாவியின் மீனுக்கு இந்தக் காவல் இயல்பிலேயே உண்டு. உன்னிச்சைக் குளத்து நன்னீர் மீனுக்கு இல்லை.

தமிழக வழக்கான நைட்ரைட்டு, நைட்ரேட்டு என்று எழுதினாலும் இதே இடறல்தான். புதுச்சொல் வரும்வரை நான் பெயரோடு இலக்கத்தையும் எழுதுகிறேன்: நைத்திரைற்று 2, நைத்திரேற்று 3.