தெரபிக்குத் தமிழில் என்ன? ‘ஆலோசனை’ வேண்டாம்

லண்டனில் இருக்கும் தோழி ஒருத்தி போன மாதம் ஒரு துண்டறிக்கையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். எழுபது தாண்டிய அவளுடைய மாமியாருக்குக் கணவர் போனதிலிருந்து தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. குடும்ப டாக்டர் கொடுத்த தாள் அது. ஆங்கிலத்துக்குக் கீழே தமிழும் இருந்தது: ‘எல்லா வயதினருக்குமான பேச்சு சிகிச்சைகள்’. மாமியார் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்துவிட்டு, தாளை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாராம்: “எனக்கென்ன கொன்னையே? நான் வடிவாக் கதைக்கிறன்தானே.”

கொன்னை என்றால் திக்குவாய். அந்த அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் பேச்சு சிகிச்சை என்றால் மூன்று வயதாகியும் பேசாத குழந்தைக்குக் கொடுப்பது, பக்கவாதம் வந்து நாக்கு குழறுகிறவருக்குக் கொடுப்பது. ஆஸ்பத்திரிப் பலகைகளில் காது பரிசோதனையோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். வேறொரு வேலைக்குப் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் சொல்லை எடுத்து இதன் தலையில் கட்டினால், படிப்பவர் தாளை மடித்து வைக்காமல் என்ன செய்வார்?

இதில் வேடிக்கை, ஆங்கிலக்காரர்கள் எளிமைக்காக வைத்த பெயர் அது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 2008-இல் தொடங்கிய திட்டம் இது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மாத்திரை மட்டும் போதாது, உட்கார்ந்து பேசிச் செய்யும் சிகிச்சையும் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். டாக்டரின் சீட்டு இல்லாமல் நாமே பெயர் கொடுத்துக்கொள்ளலாம். திட்டத்தின் முதல் பெயர் ஒரு முழ நீளம். 2023-இல் அதை மாற்றி ‘டாக்கிங் தெரபீஸ்’ ஆக்கினார்கள். அவர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள், நம் மொழிபெயர்ப்பாளர் அதைத் திரும்பவும் போட்டுவிட்டார்.

சரி, சொல்லுக்கு வருவோம். தெரபி கிரேக்கச் சொல். ‘தெரப்பெயா’ என்றால் பணிவிடை, கவனிப்பு. ‘தெரப்போன்’ என்றால் கூடவே நின்று உதவுகிறவன். ஹோமரின் காவியத்தில் மாவீரன் அக்கிலீசுக்கு அவன் தோழன் பத்ரோக்ளசு தெரப்போன். நோய் தீர்ப்பது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. ‘சைக்கி’ என்ற இன்னொரு கிரேக்கச் சொல் மூச்சாக இருந்து உயிராகி மனமாகியது. இரண்டும் ஒட்டி சைக்கோதெரபி ஆனது 19-ஆம் நூற்றாண்டில். பேச்சு என்ற அடைமொழி வந்த கதையும் பழையது. 1880-களின் தொடக்கத்தில் வியன்னாவில் டாக்டர் பிராயர் சிகிச்சை அளித்துவந்த ஒரு பெண், நோயின் ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மனை விட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். தனக்கு நடந்துகொண்டிருந்ததற்கு அவரே ‘டாக்கிங் க்யூர்’ என்று பெயர் வைத்தார். விளையாட்டாகப் ‘புகைபோக்கி துடைக்கிறது’ என்றும் சொல்வாராம். பிராயரும் பிராய்டும் அதை 1895-இல் அச்சில் ஏற்றினார்கள். நோயாளி வைத்த பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இத்துறையில் உருப்படியான சொற்கள் பலவும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன.

வேர் அவ்வளவுதான். எனக்கு உண்மையில் ஆத்திரம் ‘பேச்சு சிகிச்சை’ மீது இல்லை. அது ஒரு தாளில் நடந்த கவனக்குறைவு. தமிழ்நாட்டில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுகிற ‘மனநல ஆலோசனை’ மீதுதான்.

ஆலோசனை என்றால் நம் ஊரில் என்ன? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது. சட்ட ஆலோசனை, முதலீட்டு ஆலோசனை, ஜோதிட ஆலோசனை. கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் அதன்படி செய்ய வேண்டும். மனசு சரியில்லாதவருக்கு இது எப்படிப் பொருந்தும்? அவர் ஏற்கெனவே ஆலோசனையில் மூழ்கிப்போனவர். காலையில் எழுந்து நட, கோயிலுக்குப் போய் வா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதே, எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது என்று மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என வரிசையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கடைசியில் காசு கொடுத்து இன்னொருவரிடம் போகச் சொல்கிறோம், அவரும் ஆலோசனைதான் தருவார் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். “அவங்க என்ன புதுசா சொல்லிடப் போறாங்க?” என்று அவர் கேட்டால் பலகை அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

‘கவுன்சிலிங்’ என்று ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டால் தப்பிக்கலாமா? அதுவும் இல்லை. அந்தச் சொல்லை நாம் எப்போதோ உருமாற்றிவிட்டோம். இரவில் கடற்கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை போலீஸ் பிடித்து, பெற்றோரை வரவழைத்து, ‘கவுன்சிலிங் கொடுத்து அனுப்பி வைத்தனர்’. செய்தித்தாள் தமிழில் அதற்குத் திட்டு என்று பொருள். பள்ளியில் ‘கவுன்சிலிங் கொடுக்கணும்’ என்று சொல்லப்படுகிற பையனை இன்னும் யாரும் நாலு வார்த்தை ஏசவில்லை என்று அர்த்தம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் இதே சொல் பொறியியல் சேர்க்கையாகிவிடும். எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பையன் பயத்தால் வீட்டை விட்டே வெளியே வராமல் இருந்தான். அம்மா ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் கேட்டார், எங்கே என்று. “கவுன்சிலிங்” என்று அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார். “அப்படியா, கட் ஆஃப் எவ்வளவு?” என்றார் அவர். அந்த நிமிஷம் அந்த அம்மாளின் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது சில நேரம் மறைப்பாகவும் உதவும். அதற்காக மட்டும் அந்தச் சொல்லை நான் மன்னிப்பேன். ஆனால் இந்தக் கவுன்சிலிங்கைத் தமிழ்ப்படுத்துகிறேன் என்று சேர்க்கைக்கு வைத்த ‘கலந்தாய்வு’ என்ற சொல்லை எடுத்து ‘மனநலக் கலந்தாய்வு’ என்று எழுதுகிறவர்களை மன்னிக்க முடியாது. காலி இடமுள்ள மூன்று கல்லூரியைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்பதா துக்கத்துக்கு மருந்து?

ஆலோசனைக்காக வாதாடுகிறவர்கள் ஒரு நல்ல வாதம் வைப்பார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆலோசனையின் வடமொழி வேர் பார்ப்பதைக் குறிப்பது. ஆலோசித்தல் என்றால் ஆழ்ந்து நோக்குதல், சிந்தித்தல். “ஆலோசிச்சு சொல்றேன்” என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே யோசிப்பது நானேதான், யாரும் எனக்கு அறிவுரை தருவதில்லை. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் அது இந்தச் சிகிச்சைக்கு அச்சு அசலாகப் பொருந்தும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஆலோசனை வழங்கப்படும்’ என்று எழுதிய கணத்தில் அந்தப் பொருள் செத்துவிடுகிறது. வழங்குகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். சிந்திக்கும் வேலை இடம் மாறிப் போய்விட்டது.

இடம் மாறக் கூடாது என்பதைத்தான் 1940-களில் அமெரிக்காவில் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் மல்லுக்கட்டிச் சொன்னார். எதிரில் இருப்பவருக்கு வழிகாட்டாதே, அறிவுரை சொல்லாதே, அவர் சொல்வதை அவருக்கே தெளிவாகும்படி கேள் என்றார். அவர் இதற்கு வைத்துக்கொண்ட பெயரே கவுன்சிலிங்தான். அறிவுரை கூடாது என்றவரின் சொல்லை அறிவுரை என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். 1960-களில் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த, பின்னால் ‘காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி’ என்று பெயர் பெற்ற முறையை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்துத் திட்டத்தின் முதுகெலும்பே அதுதான். ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் கோடு போட்ட தாள். முதல் கட்டத்தில், நடந்தது: வராந்தாவில் எச்.எம். என்னைப் பார்த்தும் பேசாமல் போனார். இரண்டாவதில், அப்போது தோன்றியது: என் மேல் கோபம், மாறுதல் வரப் போகிறது. மூன்றாவதில், எவ்வளவு நம்பினேன்: நூற்றுக்குத் தொண்ணூறு. அப்புறம் எதிரில் இருப்பவர் கேட்பார், “வேற என்னவா இருந்திருக்கலாம்?” ஆசிரியை யோசிப்பார். அவர் காதில் போன் இருந்தது. நேற்று என்னிடம்தான் சாக்பீஸ் கேட்டார். இப்போது எவ்வளவு? நாற்பது. அடுத்த வாரம் வரை இதை வீட்டில் எழுதி வர வேண்டும், வீட்டுப்பாடம்தான். இப்படி 6 முதல் 20 அமர்வு. “எச்.எம். நல்லவர், கவலைப்படாதீங்க” என்று சிகிச்சையாளர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ஆலோசனை.

சிறு பிள்ளைகளுக்குத் தாளுக்குப் பதில் பொம்மையும் படமும் வரும், பெற்றோரும் உள்ளே உட்காருவார்கள். முதியவருக்கு முதல் வேலை, விட்டுப்போன காரியங்களில் ஒன்றைத் திரும்பத் தொடங்குவதாக இருக்கலாம்: செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தங்கைக்குப் போன் செய்வது. வயதுக்கு ஏற்ப வடிவம் மாறும், வேலை செய்கிறவர் வந்தவரேதான் என்பது மாறாது.

இந்த முறைக்குத் தமிழில் ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ என்று ஒரு பெயர் புழங்குகிறது. யார் முதலில் வைத்தார்களோ! அறிவாற்றல் என்றால் மூளைத் திறன், போட்டித் தேர்வு சமாச்சாரம். நடத்தை என்றால் நம் ஊரில் ஒழுக்கம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அறிவு குறைந்து நடத்தை கெட்டவருக்கான சிகிச்சை என்றுதானே தோன்றும்? அந்தத் தாளில் எழுதியது எண்ணம், செய்தது செயல். ‘எண்ணம்–செயல் சிகிச்சை’ என்று சொன்னால் ஆசிரியைக்கும் புரியும், அவர் அம்மாவுக்கும் புரியும்.

அப்படியானால் தெரபிக்கும் கவுன்சிலிங்குக்கும் என்ன வைக்கலாம்? ஈழத்தில் இதற்கு நம்மைவிட ஒழுங்காக உழைத்திருக்கிறார்கள். போரும் சுனாமியும் அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. ‘உளவளத்துணை’ அங்கே அரசுச் சொல், உளவளத்துணை உத்தியோகத்தர் என்று பதவியே இருக்கிறது. ‘சீர்மியம்’ என்றும் ஒரு சொல் உண்டு. ஆளைச் சீராக்குகிற வாடை அடிப்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. ‘ஆற்றுப்படுத்தல்’ காதுக்கு மிக இனியது. புண் ஆறுகிறது, பாலை ஆற்றுகிறோம், மனசை ஆற்றிக்கொள்கிறோம்; அத்தனையும் அதில் கேட்கிறது. ஆனால் இலக்கியம் படித்தவர் காதில் ஆற்றுப்படை விழும். பரிசு பெற்று வரும் பாணன் எதிரே வரும் ஏழைப் பாணனிடம் ‘இந்த வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார்’ என்று ஆற்றில், அதாவது வழியில், செலுத்துவது. அது வழிகாட்டல். ராஜர்ஸ் வேண்டாம் என்றது. இருந்தாலும் ஆலோசனையோடு ஒப்பிட்டால் இதை நான் தோளில் தூக்கி வைத்துக்கொள்வேன்.

என் ஓட்டு உளவளத்துணைக்கு, அதிலும் ‘துணை’க்கு. தெரப்போன் துணை நின்றவன்தானே? நமக்கு அந்த ஆள் புதியவரும் அல்ல. மருத்துவத்துக்குக் குறள் சொல்லும் நான்கு உறுப்பில் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு ‘உழைச்செல்வான்’ என்று ஒருவன் இருக்கிறான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து வேண்டியதைச் செய்கிறவன். கிரேக்கன் சொன்ன அதே ஆள்.

கவுன்சிலிங் உளவளத்துணை என்றால் தெரபி ‘உளச்சிகிச்சை’. சிகிச்சை வடசொல் என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார், ‘உளப்பண்டுவம்’ என்பார். பண்டுவம் அழகான சொல்தான். ஆனால் முப்பது வயதுக்குக் கீழே அதை அறிந்தவர் எத்தனை பேர்? மனசு நொந்து வருகிறவரை அகராதி பார்க்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை. போதாததற்கு, சிகிச்சையின் வடமொழி வேருக்கே ‘கவனிக்க விழைதல்’ என்றுதான் பொருள். அந்தச் சொல்லைத் துரத்துவானேன்?

நண்பரின் கோபத்தை வேறு பக்கம் திருப்பலாம். செய்தித்தாள்கள் மனச்சோர்வையும் ‘மன அழுத்தம்’ என்கின்றன, வேலைப்பளு நெருக்கடியையும் ‘மன அழுத்தம்’ என்கின்றன. மேலதிகாரி கத்தினாலும் அதுதான், ஆறு மாதமாகக் குளிக்க மனமில்லாமல் படுத்திருந்தாலும் அதுதான். முன்னதற்கு ஒரு வாரம் லீவு போதும், பின்னதற்குப் போதாது. ‘பொதுவான மனநோய்கள்’ என்ற இன்னொன்று. பலருக்கும் வருவது என்று சொல்ல நினைத்திருக்கிறார்கள். தமிழில் பொது என்றால் எல்லாருக்கும் உரியது, பொதுக்கிணறு மாதிரி. ‘பரவலாகக் காணப்படும்’ என்று எழுத இன்னும் ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதானே?

தோழிக்கு இதெல்லாம் எழுதவில்லை. துண்டறிக்கையில் சிவப்பு மையில் மூன்று திருத்தம் போட்டு அனுப்பினேன், அவள் உரியவர்களிடம் சேர்த்தாள். மாமியாரிடம் அவள் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாள்: “மாமி, ஒரு பிள்ளை கிழமைக்கு ஒருக்கா வந்து உங்களோட இருந்து கதைக்கும், மாமாவைப் பற்றியும் கதைக்கலாம்.” “அப்பிடியெண்டால் வரச் சொல்லு” என்றாராம். புதுப் பதிப்பு நேற்று வந்தது. தலைப்பில் உளச்சிகிச்சை இருக்கிறது. உள்ளே, இரண்டாம் பக்கத்தில், ‘அறிவாற்றல் நடத்தை ஆலோசனை’.